முடங்கிய முகத்துக்கு முடக்கும் மருந்தா?

காலையில் பல் துலக்கும்போது கொப்பளித்த தண்ணீர் உதட்டோரம் வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒருபக்கம் கோணியிருக்கிறது. ஒரு கண் மூடவே மறுக்கிறது. குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் வட்டாரத்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, 'காத்து பட்டிருக்கும்' என்பதுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததும் ராத்திரி முழுக்க ஃபேனுக்கு நேராகப் படுத்ததும் நினைவுக்கு வரும். கொஞ்ச நேரத்தில் பக்கவாதமோ என்ற பயம் வரும். அதற்குப் பிறகுதான் 'முகவாதம்' என்ற சொல்லும், எங்கே போவது என்ற கேள்வியும் வரும்.

போன முகம் தானாகத் திரும்புமா, நாம் திருப்ப வேண்டுமா? இருநூறு ஆண்டுகளாக மருத்துவம் இதற்கு வெவ்வேறு பதில்களைச் சொல்லிவருகிறது. அவற்றில் வியப்பானது கடைசியாக வந்த பதில்: தசையை முடக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நச்சை, ஏற்கெனவே முடங்கிய முகத்தில் ஊசியாகப் போடுவது. கேட்ட மாத்திரத்தில் முரணாகத் தோன்றும் இந்தச் சிகிச்சை எப்படி வந்தது, எதற்கு உதவுகிறது, எதற்கு உதவாது என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

பொறுத்திருங்கள் என்ற பதில்

முகத்தை அசைக்கும் நரம்பு தனி என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1821இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய ஆய்வுரையில் விளக்கினார். காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளைத்தண்டில் புறப்படும் இந்த ஏழாம் கபால நரம்பு, காதுக்குள் ஒரு குறுகிய எலும்புக் குழாய் வழியாக நெளிந்து வந்து, காது மடலுக்குக் கீழே வெளிப்பட்டு, நெற்றி, கண், கன்னம், உதடு, கழுத்து என்று கிளை பிரிகிறது. நரம்பு வீங்கினால் எலும்புக் குழாய் விரிந்து கொடுக்காது. உள்ளே நெரிபட்ட நரம்பு வேலையை நிறுத்திவிடுகிறது. வீக்கத்துக்குக் காரணம் ஹெர்ப்பிஸ் வகை வைரஸாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. முடிந்த முடிவு அல்ல.

சிகிச்சையே தராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று டென்மார்க்கிலிருந்து வந்தது. பெய்டர்சன் என்ற மருத்துவர் 25 ஆண்டுகளில் பார்த்த நோயாளிகளின் விவரத்தை 2002இல் வெளியிட்டார். பெல் வாதம் வந்த 1,701 பேரில் 71 சதவீதத்தினருக்கு முகம் முழுமையாகத் திரும்பியிருந்தது. 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு இன்னொரு படி சென்றது. 72 மணி நேரத்துக்குள் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் 94 சதவீதத்தினர் ஒன்பது மாதத்தில் குணமாகியிருந்தார்கள். அந்த மாத்திரை இல்லாதவர்களில் 82 சதவீதத்தினர்.

இந்தத் தரப்பின் பலவீனம் கணக்கில் இல்லை, நடைமுறையில் இருக்கிறது. 72 மணி நேரம் என்பது 'காத்து' போகட்டும் என்று ஒற்றடம் கொடுத்துக்கொண்டே கழிந்துவிடக்கூடிய நேரம். நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் அதிகம், ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். ஆகவே மாத்திரையை எழுதும் மருத்துவருக்கும் சாப்பிடுபவருக்கும் தயக்கம் இருக்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்து, மூளைப் பக்கவாதத்தை முகவாதம் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுவது. மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணினாலும் நெற்றியைச் சுருக்க முடிவதே வழக்கம். பெல் வாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சேர்ந்து அசையாது. இதை வீட்டார் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கோணிய முகம் எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டியதுதான்.

அசையுங்கள் என்ற பதில்

சித்த மருத்துவம் வாத நோய்களை 80 என்று எண்ணுகிறது. முகவாதத்துக்கு ஒற்றடம், தொக்கணம், நசியம், வர்மம் எனப் பல முறைகள் வழக்கில் உள்ளன. தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், நரம்பு டாக்டரைப் பார்க்கும் முன்போ பின்போ அங்கே போகிறவர்கள் உண்டு. ஆங்கில மருத்துவத்தின் பக்கம் இதற்கு இணை பிசியோதெரபி: கரண்ட் வைப்பது, பலூன் ஊதச் சொல்வது, சூயிங்கம் மெல்லச் சொல்வது.

இரு பக்கத்துக்கும் ஒரே சோதனை காத்திருக்கிறது. பத்தில் ஏழு பேர் எதுவும் செய்யாமலே குணமாகும் நோயில் எந்தச் சிகிச்சையும் ஜெயித்ததாகத்தான் தெரியும். எண்ணெய் தேய்த்தவரும் கரண்ட் வைத்தவரும் சும்மா இருந்தவரும் மூன்றாம் வாரம் கண் சிமிட்டத் தொடங்கியிருப்பார்கள். பிசியோ முறைகளை அலசிய 2011ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு, மின்தூண்டலால் பலன் உண்டு என்பதற்குத் தரமான சான்று இல்லை என்றது. நோயாளிக்கு ஏற்ப அமைத்த முகப் பயிற்சி, நாள்பட்ட வாதத்திலாவது ஓரளவு உதவலாம் என்பதற்கும் வலுக்குறைந்த சான்றே கிடைத்தது. வர்ம முறைகளையும் இதே தராசில் நிறுத்த வேண்டும். கைவிட வேண்டும் என்பதல்ல, எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

பலூன் விஷயத்தில் முகப் பயிற்சியாளர்கள் பலர் கூடுதலாக ஒன்று சொல்கிறார்கள். முழு பலத்தோடு முகத்தை இறுக்கும் பயிற்சி எல்லாத் தசைகளையும் ஒன்றாக இழுக்கப் பழக்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். கண்ணாடி முன் உட்கார்ந்து, மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு தசையை மட்டும் அசைப்பதே சரி என்கிறார்கள். அந்த அச்சத்தின் காரணம் புரிய, நரம்பு திரும்பி வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

வழி மாறிய நரம்பு

மிகவும் நசுங்கிய நரம்பின் இழைகள் அறுந்து, பிறகு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மறுபடி வளர்கின்றன. வளரும்போது பழைய தடம் தெரியாமல் சில இழைகள் இடம் மாறிவிடும். உதட்டுக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போய்ச் சேரும். மூளை 'சிரி' என்று அனுப்பிய கட்டளை கண்ணையும் மூடிவிடும். இணையசைவு என்று இதைச் சொல்லலாம். மருத்துவர்கள் சின்கைனீசிஸ் என்பார்கள்.

வாதம் போய் ஏழெட்டு மாதம் ஆன ஒருவர் இட்லி சாப்பிடுவதை அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு முறை வாயைக் குவிக்கும்போதும் வலது கண் சுருங்குகிறது. முகவாயில் ஆரஞ்சுத் தோல் போலக் குழிகள் விழுகின்றன. கழுத்தில் கயிறு போல ஒரு நாண் புடைக்கிறது. சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பிக்கான இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட, சாப்பாட்டு வேளையில் கண்ணீர் வழியும். முதலைக் கண்ணீர் என்று இதற்குப் பெயரே உண்டு. பக்கத்து இலைக்காரர் காரம் அதிகமோ என்று விசாரிப்பார்.

இங்கேதான் கேள்வி தலைகீழாகிறது. வாதம் வந்த புதிதில் அந்தப் பக்கத்தில் அசைவே இல்லை. இப்போதோ அசைவு மிகுந்துவிட்டது, அதுவும் வேண்டாத இடத்தில். நச்சு ஊசிக்கு வேலை வருவது இந்த இரண்டாம் கட்டத்தில். இந்த ஊசியின் பரவலான பெயரைச் சொல்லி 'முகவாதத்துக்கு போடாக்ஸ்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசும்போது இந்த வேறுபாடு தொலைந்துபோகிறது. குழப்பத்தில் பாதி அதனால்தான்.

தொத்திறைச்சியிலிருந்து மருந்துக் குப்பிக்கு

ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சியால் பலர் இறந்ததை ஆராய்ந்தவர் யூஸ்டினஸ் கெர்னர், மருத்துவர், கவிஞரும்கூட. நச்சைத் தானே சிறிது உட்கொண்டும் பார்த்தார். நரம்பின் கட்டளை தசைக்குப் போகாமல் இது தடுக்கிறது, ஆகவே அடங்காத அசைவுள்ள நோய்களுக்கு மருந்தாகலாம் என்று 1822இலேயே எழுதினார். 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் சாவு வீட்டு விருந்தில் பன்றித்தொடை உண்ட இசைக் குழுவினர் 34 பேர் நோயுற்று மூவர் இறந்தபோது, நுண்ணுயிரியலாளர் வான் எர்மெங்கெம் அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். கெர்னரின் ஊகம் உண்மையாக இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதைச் சாதித்தவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கு அறுவை இல்லாத வழி தேடியவர், 1973இல் குரங்குகளிலும் 1970களின் இறுதியில் மனிதர்களிலும் நச்சைச் சோதித்தார். 1989 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் அனுமதி தந்தது. ஏழாம் நரம்புக் கோளாறால் வரும் இமை இறுக்கமும் அதில் அடக்கம். புருவச் சுருக்கத்தைப் போக்கும் அழகு ஊசியாக அனுமதி கிடைத்தது 2002இல்தான். நடிகைகளின் நெற்றியோடு சேர்த்தே பேசப்படும் இந்த மருந்துக்கு, அழகு நிலையம் இரண்டாம் வீடு. முதல் வீடு கண் மருத்துவமனை.

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறித் தசையைத் தொட்டால்தான் தசை சுருங்கும். அந்த வெளியேற்றத்துக்கு உதவும் ஒரு புரதத்தை ஏ வகை நச்சு வெட்டிவிடுகிறது. ஊசி போட்ட சில நாட்களில் தசை தளரத் தொடங்கும். இரண்டு வாரத்தில் முழு விளைவு தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் நரம்பு முனை மீண்டுவிடும். நிரந்தரம் இல்லை என்பதே இதன் குறை. தவறு நேர்ந்தாலும் நிரந்தரமில்லை என்பது அதே குணத்தின் மறுபக்கம்.

100 யூனிட் குப்பியில் இருக்கும் நச்சுப் புரதம் சுமார் 5 நானோகிராம்தான். குப்பியைப் பார்த்தால் காலியாகவே தெரியும். உப்பு நீர் விட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சு போன்ற மெல்லிய ஊசியில் எடுப்பார்கள். 'கண்ணை இறுக்குங்க, இப்ப சிரிங்க, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிங்க' என்று சொல்லி, எங்கே இழுக்கிறது என்று பேனாவால் புள்ளி வைப்பார்கள். இமை ஓரம், முகவாய், கழுத்து நாண் என்று ஒவ்வொரு புள்ளியிலும் ஓரிரு யூனிட். நல்ல பக்கத்திலும் சில புள்ளிகள் விழும் என்பதுதான் நோயாளிகளுக்குப் புரியாத புதிர். 'கெட்டுப்போனது இந்தப் பக்கம், ஊசி ஏன் அந்தப் பக்கம்?' என்று கேட்பார்கள். தடையில்லாத நல்ல பக்கம் வாயைத் தன் திசைக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் முகம் நடுவுக்கு வரும்.

சான்றின் நிலை? இணையசைவுக்கு மருந்தையும் வெற்று ஊசியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. 2005இல் வெளியான அப்படி ஓர் ஆய்வில் இருந்தவர்கள் 36 பேர்தான். பலன் தெரிந்தது, ஆனால் அதை அளந்தது நோயாளிகளின் சொந்த மதிப்பீட்டால். மற்றவை பெரும்பாலும் ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய தொகுப்புகள். தசை தளர்வது கண்முன் தெரிகிறது என்பதால் பெரிய ஆய்வு தேவையில்லை என்று மருத்துவர்கள் எண்ணுவது புரிகிறது. எத்தனை யூனிட், எந்தப் புள்ளி, பயிற்சியோடு சேர்த்தா தனியாகவா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணம் விடை தராது.

துடிக்கும் கண்

முகவாதமே வராமல், முகத்தின் ஒரு பாதி மட்டும் தானாகத் துடிக்கும் நோய் ஒன்று உண்டு. அரைமுகத் துடிப்பு எனலாம். நடுவயதில், பெரும்பாலும் கீழ் இமையோரத்தில் மெல்லத் தொடங்கி, மாதங்கள் போகப் போகக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும். தூக்கத்திலும் நிற்காது.

நம்மிடம் கண் துடிப்புக்கு நோய் என்ற பொருளே முதலில் கிடையாது, அது சகுனம். சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. ஒருத்திக்குக் கூடலும் ஒருத்திக்குப் பிரிவும் அதன் பொருள். இந்தப் பழக்கத்தால், இடக்கண் துடிக்கும் பெண் நல்ல சேதியை எதிர்பார்த்தே பல மாதம் கழித்துவிட வாய்ப்பு உண்டு. பயப்படவும் தேவையில்லை. தூக்கமின்மையாலும் காப்பியாலும் வரும் சாதாரண இமைத்துடிப்பு சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கிவிடும். துடிப்பு கன்னத்துக்கு இறங்கினால்தான் கதை வேறு.

அரைமுகத் துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மூளைத்தண்டருகே ஓர் இரத்தக்குழாய் வளைந்து வந்து நரம்பின் வேரை நாடித்துடிப்போடு தட்டிக்கொண்டே இருப்பது. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா, காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே பஞ்சு போன்ற பொருளை வைக்கும் அறுவையை 1960களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்தார். பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு இது நிரந்தரத் தீர்வு. ஆனால் மூளையருகே போகும் அறுவை. சிறு விகிதத்தினருக்குக் கேட்கும் திறன் போகலாம்.

காரணத்தை நீக்குங்கள் என்பது அறுவையாளர் வாதம். உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு மண்டையைத் திறப்பானேன், ஊசியே போதும் என்பது எதிர்வாதம். ஊசித் தரப்பின் தொகுப்புகளில் 76 முதல் 100 சதவீதம் வரை பலன் பதிவாகியிருக்கிறது. ஆயினும் 2005இல் காக்ரேன் ஆய்வாளர்கள் தரமான ஒப்பீட்டு ஆய்வு தேடியபோது தேறியது ஒன்றே ஒன்று. அதில் இருந்தவர்கள் 11 பேர். 2008இல் அமெரிக்க நரம்பியல் கழகம் இமை இறுக்கத்துக்கு இந்த ஊசியை ஓரளவு உறுதியோடு பரிந்துரைத்து, அரைமுகத் துடிப்புக்கு 'பரிசீலிக்கலாம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டதற்குச் சான்றின் இந்த வறுமையே காரணம். மருந்து பலவீனம் என்று பொருளில்லை. அறுவை, ஊசி இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்காதவரை எது மேல் என்பது, நோயாளியின் வயது, உடல்நிலை, பயம் ஆகியவற்றைப் பொறுத்த முடிவாகவே இருக்கும்.

செங்கல்பட்டில் வேறு கணக்கு

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு திருமணியில் 1924இல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை, 1955இல் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக மாறியது. அதே ஆண்டு வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரி மையமும் தொடங்கியது. தமிழ்நாட்டில் முகநரம்பு வாதத்தைப் பற்றிய பழைய அனுபவம் இந்த வளாகங்களில்தான் சேர்ந்திருக்கிறது. தொழுநோய் முகநரம்பின் கண் கிளையைத் தாக்கினால் இமை மூடாது. கருவிழியின் உணர்ச்சியும் சேர்ந்து போனால், தூசி விழுந்ததுகூடத் தெரியாமல் புண்ணாகிப் பார்வை போகும்.

அங்கே செய்யப்பட்ட அறுவை ஒன்று இந்தக் கட்டுரையின் கேள்வியை வேறு கோணத்தில் திருப்புகிறது. மெல்ல உதவும் பொட்டுத் தசையின் ஒரு பட்டையை எடுத்து இமைகளுக்குள் ஓட்டித் தைப்பார்கள். அந்தத் தசைக்கு வேறு நரம்பு. ஆகவே அது உயிரோடு இருக்கும். பல்லைக் கடித்தால் கண் மூடும். நோயாளிக்கு அடிக்கடி பல்லைக் கடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். வாயசைத்தால் கண் மூடுவது நரம்பு டாக்டரின் அறையில் நோய், அதை ஊசி போட்டு நிறுத்துகிறார்கள். செங்கல்பட்டிலும் கரிகிரியிலும் பார்வையைக் காப்பாற்ற, கிட்டத்தட்ட அதையே கத்தி வைத்து உண்டாக்கினார்கள்.

இதே கண்ணுக்கு நச்சும் ஒரு வழி. மேல் இமையைத் தூக்கும் தசையில் ஊசி போட்டால் இமை தானே கீழிறங்கிக் கருவிழியை மூடிவிடும். 1980களிலிருந்து இதைச் செய்துவருகிறார்கள். பெல் வாதம் போல நரம்பு திரும்பிவரும் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில், அதுவரை கண்ணைக் காக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கண்ணால் சில வாரங்கள் பார்க்க முடியாது. நரம்பு திரும்பாத தொழுநோய்க் கண்ணுக்குச் சில மாத மருந்து போதாது. அங்கே அறுவைக்கே முதலிடம்.

தவணை முறையில் ஒரு முகம்

ஆய்விதழ்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம், ஊசி போட்டுக்கொள்கிறவர் வருடத்துக்கு மூன்று, நான்கு முறை பயணம் போக வேண்டியிருப்பது. குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வந்து, ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பெரியாஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்கோ எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கோ போனால் அரைநாள் போய்விடும். தறியில் கூலிக்கு உட்காருபவருக்கும் ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கும் அது ஒரு நாள் சம்பளம். துடிப்பு திரும்பும் நாளும் வரிசையில் இடம் கிடைக்கும் நாளும் ஒத்துப்போக வேண்டும் என்பதுமில்லை.

குப்பியின் விலைதான் அடுத்த தடை. அரைமுகத் துடிப்புக்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 30 யூனிட்டுக்குள் போதும். குப்பியில் 50, 100 யூனிட் இருக்கும். கரைத்த மருந்தை நெடுநாள் வைத்திருக்க முடியாததால், சில இடங்களில் பல நோயாளிகளை ஒரே நாளில் வரவழைத்துப் பகிர்ந்து போடுகிறார்கள். சிக்கனமான வழிதான், கிருமித் தொற்று ஏற்படாதபடி கையாண்டால் நியாயமான வழியும்கூட. ஆனால் பிராண்டு மாறும்போது விழிப்பு வேண்டும். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒரே அளவு அல்ல. போன தடவை 20 போட்டார்கள் என்ற நினைவை மட்டும் நம்பி வேறு மருந்தில் 20 போட்டால் கணக்குத் தப்பிவிடும்.

புறநகரில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தோல், அழகு கிளினிக்குகளில் இதே மருந்து கிடைக்கிறதே என்ற கேள்வி வரும். சுருக்கத்தை நீக்கத் தெரிந்த கை, வழி மாறிய நரம்பின் புள்ளிகளையும் அறிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் விலகினால் இமை தொங்கும், வாய் இன்னும் சரியும், காட்சி இரண்டாகத் தெரியும். மயஸ்தீனியா போன்ற தசைநோய் உள்ளவருக்கு ஆபத்து கூடுதல். நச்சு, ஊசி போட்ட இடத்தை விட்டுப் பரவக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் மருந்துப் பெட்டியிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. முகத்துக்குப் போடும் சிறு அளவில் அப்படி நேர்வது அரிது.

தீராதவை

இதுவரை உள்ள சான்றை வைத்துச் சொன்னால், இமை இறுக்கத்துக்கு இந்த ஊசி உறுதியான முதல் சிகிச்சை. அரைமுகத் துடிப்புக்கு, அறுவையை ஏற்காதவர்களுக்கும் ஏற்க முடியாதவர்களுக்கும் நம்பகமான துணை. இணையசைவுக்குப் பலன் தெரிகிறது. பயிற்சி இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் ஒவ்வொரு முறையும் பழைய இடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. முகவாதம் வந்த புதிதில் வாதத்தையே குணமாக்கும் மருந்தாக இதைக் கருத இடமில்லை. அந்த மூன்று நாட்கள் ஸ்டீராய்டுக்கும் கண் சொட்டு மருந்துக்கும் உரியவை.

பல ஆண்டுகள் தொடர்ந்து போட்டுக்கொண்டால் தசை மெலிந்துபோகுமா, உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி மருந்து வேலை செய்யாமல் போகுமா என்பன பழைய கேள்விகள். முகத்துக்கான சிறு அளவுகளில் எதிர்ப்புப் புரதம் அரிது என்பதே இப்போதைய அனுபவம். மெலிவதைப் பற்றிய கருத்துகள் ஒன்றுபடவில்லை.

புதிய கேள்வி நல்ல பக்கத்தைப் பற்றியது. வாதம் வந்த சில வாரங்களிலேயே, வழி மாறிய வளர்ச்சி தொடங்கும் முன்பே, நல்ல பக்கத்தைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் கெட்ட பக்கம் இழுபறி இல்லாமல் மீளுமா என்று சிலர் முயன்றுபார்க்கிறார்கள். முகம் சீக்கிரம் சமமாகிறது என்கிறார்கள் ஆதரிப்போர். பத்தில் ஏழு பேருக்குத் தானாகவே திரும்பும் முகத்தில் அந்தச் சமநிலை ஊசியால் வந்ததா, வாரங்கள் கடந்ததால் வந்ததா என்று கேட்கிறார்கள் மறுப்போர். கரண்டையும் வர்மத்தையும் பார்த்துக் கேட்ட அதே கேள்வி இப்போது நச்சு ஊசியின் வாசலில் வந்து நிற்கிறது.